டர்பனில் தொழிலகப் பொறியியல் விரிவுரையாளர் ஆவது எப்படி?

விளம்பரம் வந்த பிறகு தயாராகத் தொடங்கினால் இந்த வேலைக்குக் காலம் போதாது. விளம்பரம் இரண்டு மூன்று வாரத்தில் மூடிவிடும். அதில் கேட்கும் சான்றுகளோ மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் சேர்க்க வேண்டியவை. எந்தச் சான்றை எந்த வரிசையில் சேர்ப்பது, வேலை கிடைத்த பின் எங்கே கால் இடறும் என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

இரண்டு வகையினரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். புரோஸ்பெக்டன், ஜேக்கப்ஸ், பைன்டவுன் பக்கத் தொழிற்சாலைகளில் உற்பத்தித் திட்டமிடலிலோ தரக்கட்டுப்பாட்டிலோ வேலை பார்த்துக்கொண்டு, கையில் டிப்ளோமாவோ பி.டெக்கோ வைத்திருப்பவர்கள் ஒரு வகை. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ எம்.ஈ. முடித்து வந்து இங்கே பாடம் நடத்த நினைப்பவர்கள் மற்றொரு வகை. நாட்டுக்குப் பொதுவான விதிகளை விதிகளாகவே சொல்கிறோம். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுவதை ‘பெரும்பாலும்’ என்று சொல்லியிருக்கிறோம். அந்த இடங்களில் விளம்பரத்தை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

வேலை எங்கே இருக்கிறது

தென்னாப்பிரிக்காவில் அரசுப் பல்கலைக்கழகங்கள் 26. அவற்றில் 11 பழைய பாணிப் பல்கலைக்கழகங்கள், 9 கலப்புப் பல்கலைக்கழகங்கள், 6 தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள். தொழிற்சாலை அனுபவத்துக்கு அதிக மதிப்பு கொடுப்பவை கடைசி ஆறும்தான்: டர்பன், உம்லாசியில் உள்ள மங்கொசுத்து, கேப் பெனின்சுலா, ஷ்வானே, வால், ப்ளூம்ஃபான்டெய்னில் உள்ள சென்ட்ரல். ஜோஹன்னஸ்பர்க் பல்கலைக்கழகம் போன்ற கலப்பு நிறுவனங்களையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2002 இல் இரண்டு டெக்னிக்கான்கள் (தொழில்நுட்பக் கல்லூரிகள்) இணைந்ததால் உருவானது. ஒன்று நேட்டால் டெக்னிக்கான். மற்றொன்று எம்.எல். சுல்தான் டெக்னிக்கான். கொல்லத்திலிருந்து 1890 இல் ஒப்பந்தக் கூலியாக வந்து, பின்னாளில் வணிகத்தில் உயர்ந்த ஹாஜி மலுக்முகம்மது லப்பை சுல்தான் கொடுத்த நன்கொடையில் இந்தியர்களுக்காக எழுந்த கல்லூரி அது. டர்பன் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் முதல் டிப்ளோமா அங்கிருந்து வந்ததுதான். இன்றும் பெரியவர்கள் ‘சுல்தான் டெக்’ என்றுதான் சொல்வார்கள்.

பலர் தவறவிடும் ஒன்று: ஒரே அறிவுக்கு இரண்டு புலங்களில் இடம் உண்டு. பொறியியல் புலத்தில் தொழிலகப் பொறியியல் துறை இருக்கும். மேலாண்மை அறிவியல் புலத்தில் செயல்பாடு, தரம் சார்ந்த துறை இருக்கும். ஒர்க் ஸ்டடி (ஒரு வேலையின் முறையையும் அதற்குப் பிடிக்கும் நேரத்தையும் அளந்து ஆராய்வது), உற்பத்தித் திட்டமிடல், தர உறுதி மூன்றும் இரண்டு இடத்திலும் நடக்கும். மேலாண்மைப் பக்கம் பொறியியல் மன்றப் பதிவை (இதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறோம்) வழக்கமாகக் கேட்பதில்லை. தரக்கட்டுப்பாட்டில் பத்தாண்டு அனுபவம் இருந்தும் மன்றப் பதிவு இல்லாதவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான்.

நாட்டில் 50 டிவெட் (தொழிற்கல்வி, பயிற்சி) கல்லூரிகளும் உண்டு. என்4 முதல் என்6 வரையான வகுப்புகளில் பாடம் நடத்திப் பழகிக்கொள்ள நல்ல இடம். ஆனால் அங்கே எத்தனை ஆண்டு இருந்தாலும் அது ஆராய்ச்சி அனுபவமாகக் கணக்காகாது. படியாக வைத்துக்கொள்ளுங்கள், அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள்.

படிப்பு: எந்த மட்டத்தில் நிற்கிறீர்கள்

இங்கே எல்லாப் பட்டத்துக்கும் தேசியத் தகுதிச் சட்டகத்தில் ஒரு மட்டம் உண்டு. மூன்றாண்டு டிப்ளோமா 6, அட்வான்ஸ்டு டிப்ளோமாவும் சாதாரண இளநிலைப் பட்டமும் 7, ஆனர்ஸும் முதுநிலை டிப்ளோமாவும் நான்காண்டு பொறியியல் பட்டமும் 8, மாஸ்டர்ஸ் 9, முனைவர் பட்டம் 10. தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் இப்போது ஓடும் பொறியியல் தொழில்நுட்ப இளநிலைப் பட்டம் 7 ஆம் மட்டத்தில் நிற்கிறது. அதற்கு மேல் ஓராண்டு ஆனர்ஸ் 8.

உயர்கல்விக் கவுன்சிலின் அங்கீகார விதிப்படி, இளநிலைப் பாடத்திட்டத்தில் கற்பிப்பவரின் தகுதி அந்தப் பாடத்திட்டம் முடியும் மட்டத்தைவிட மேலே இருக்க வேண்டும். 7 இல் முடியும் பட்டத்துக்குக் குறைந்தது 8. நடைமுறையில் நிரந்தர விரிவுரையாளர் பதவிக்கு மாஸ்டர்ஸ் கேட்கிறார்கள். சில துறைகள் முனைவர் பட்டத்தை விரும்பத்தக்கது என்று போடும். விரும்பத்தக்கது என்று அச்சிட்டிருந்தால், அது இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம். தயங்க வேண்டாம்.

பழைய பி.டெக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. அந்தப் பட்டத்துக்கு முதன்முறை மாணவர் சேர்க்கை 2019 இறுதியோடு நின்றுவிட்டது. வாங்கிய பட்டம் செல்லும், சந்தேகமில்லை. ஆனால் அது 7 ஆம் மட்டத்தில் வைக்கப்பட்டிருப்பதால், மாஸ்டர்ஸுக்கு 8 ஆம் மட்டம் கேட்கும் துறைகள் நேரடியாகச் சேர்க்கத் தயங்கும். முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியில் சேர்க்கும் துறைகளும் உண்டு, ஆனர்ஸ் முடித்துவிட்டு வா என்று அனுப்பும் துறைகளும் உண்டு. பணம் கட்டுவதற்கு முன் இதைத் துறைத் தலைவரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். வாய்ச்சொல் சேர்க்கை அலுவலகத்தில் செல்லாது.

மாஸ்டர்ஸ் 180 கிரெடிட், முனைவர் பட்டம் 360. ஒரு கிரெடிட் என்பது 10 மணி நேர உழைப்பு. தொழிற்சாலை வேலையோடு மாஸ்டர்ஸ் செய்பவர் 1,800 மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்று முதலிலேயே கணக்குப் போட வேண்டும். வாரம் 15 மணி நேரம் ஒதுக்கினால் 120 வாரம் ஆகும். ஆய்வுத் தலைப்பை உங்கள் தொழிற்சாலைப் பிரச்சினையிலிருந்து எடுத்தால் தரவு கையருகிலேயே கிடைக்கும். ஆனால் நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதியும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வருவதற்கு முன் ஒரு அளவீடுகூட எடுக்காதீர்கள். முன்கூட்டி எடுத்த தரவைப் பிறகு ஆய்வேட்டில் பயன்படுத்த முடியாமல் போகும்.

பொறியியல் மன்றப் பதிவு: வேலையை விடுவதற்கு முன்பே

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிப்பேன் என்றால் இந்தப் பகுதியைக் கடைப்பிடியுங்கள். தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றம், பேச்சில் ‘எக்சா’, 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் எண் சட்டத்தின்கீழ் இயங்குகிறது. பி.டெக்கோ பொறியியல் தொழில்நுட்ப இளநிலைப் பட்டமோ உள்ளவர்களுக்குத் தொழில்முறைத் தொழில்நுட்பவியலாளர் பதிவு, டிப்ளோமா உள்ளவர்களுக்குத் தொழில்முறை டெக்னீஷியன் பதிவு, நான்காண்டுப் பொறியியல் பட்டத்துக்குத் தொழில்முறைப் பொறியாளர் பதிவு.

முதலில் ‘கேண்டிடேட்’ ஆக, அதாவது பயிற்சி நிலையில் இருப்பவராகப் பதிவு செய்கிறீர்கள். பட்டத்துக்குப் பின் குறைந்தது மூன்றாண்டு அனுபவம் வேண்டும். அந்த அனுபவத்தில் உங்கள் பொறுப்பு எப்படி வளர்ந்தது என்று எக்சா பார்க்கிறது. அதற்கு ஏ முதல் ஈ வரை ஐந்து படிகள்: பார்த்திருப்பது, உதவுவது, பங்கெடுப்பது, பங்களிப்பது, தானே செய்து முடிப்பது. மூன்றாண்டு முழுக்க டைம் ஸ்டடி (வேலை நேரம் அளக்கும்) தாள் நிரப்பியவர் இரண்டாம் படியில் நிற்கிறார். ஒரு உற்பத்தி லைனின் அமைப்பை மாற்றப் பரிந்துரை எழுதி, அதற்கான செலவுக் கணக்கைப் போட்டு, மாற்றிய பின் வந்த விளைவுக்குக் கையெழுத்திட்டவர் ஐந்தாம் படிக்கு வந்துவிட்டார்.

விரிவுரையாளரான பின் இந்த ஐந்தாம் படியைக் காட்டுவது மிகக் கடினம். வகுப்பில் சொல்லிக்கொடுத்த தீர்வுக்கு யாரும் பணம் போடுவதில்லை, அது தவறினால் யாருக்கும் நட்டமும் இல்லை. அதனால்தான் தொழிற்சாலையில் இருக்கும்போதே பதிவை முடிக்கச் சொல்கிறோம். செய்ய வேண்டியவை:

1. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே கேண்டிடேட் பதிவு செய்யுங்கள். பதிவு பெற்ற ஒருவரை வழிகாட்டியாகப் பிடியுங்கள். உங்கள் தொழிற்சாலையில் யாரும் இல்லையென்றால் தென்னாப்பிரிக்கத் தொழிலகப் பொறியியல் கழகத்தின் கூட்டங்களுக்குப் போங்கள்.
2. பயிற்சி, அனுபவ அறிக்கையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதி, அப்போதைய மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்குங்கள். அவர் வேலை மாறிப் போன பிறகு மூன்றாண்டுக் கதையை ஒரே நாளில் எழுதிக் கையெழுத்துக்காகத் தேடி அலைவதுதான் பெரும்பாலான தாமதத்துக்குக் காரணம்.
3. அறிக்கையில் ‘நாங்கள்’ என்று எழுதாதீர்கள். குழு என்ன செய்தது என்று மதிப்பீட்டாளர் கேட்கவில்லை. நீங்கள் எடுத்த முடிவு எது, அதற்கு வைத்திருந்த மாற்று வழிகள் எவை, ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எழுதுங்கள். நம் வீடுகளில் ‘நான், நான்’ என்று பேசாதே என்று வளர்த்திருப்பார்கள். இங்கே அந்த அடக்கம் உங்களுக்கு எதிராக வேலை செய்யும்.

பதிவு கிடைத்ததும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்கல்விப் புள்ளிகள் தேவை. கழகத்தின் மாநாட்டுக்குப் போவது, பயிலரங்கில் கலந்துகொள்வது எல்லாம் அதில் சேரும். வருகைச் சான்றிதழ்களை அன்றன்றே ஒரே கோப்பில் போட்டு வையுங்கள்.

வெளிநாட்டுப் பட்டத்தோடு வருபவர்களுக்கு

தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையமான சாக்வா உங்கள் பட்டத்தை மதிப்பிட்டு, இந்நாட்டு மட்டத்தில் எங்கே நிற்கிறது என்று சான்றிதழ் தரும். அது இல்லாமல் தேர்வுக் குழு உங்கள் தாளைப் பார்க்காது. அந்த மதிப்பீடு கல்வித் தகுதியை மட்டும்தான் சொல்கிறது. எக்சா தன் பங்குக்குத் தனியாக மதிப்பிடும். பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன், சிட்னி, டப்ளின் என்ற மூன்று பன்னாட்டு உடன்படிக்கைகளிலும் எக்சா உறுப்பினர். நீங்கள் பட்டம் படித்த நாடு அந்த உடன்படிக்கையில் சேர்ந்த பிறகு, அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டத்தில் முடித்திருந்தால் வேலை எளிதாகும். இல்லையென்றால் மதிப்பெண் பட்டியலோடு ஒவ்வொரு பாடத்தின் உள்ளடக்கமும் கேட்பார்கள். ஊரிலிருந்து கிளம்பும்போதே கல்லூரி முத்திரையிட்ட பாடத்திட்டப் பிரதியை வாங்கி வாருங்கள். இங்கிருந்து எழுதி வாங்குவது பெரும்பாடு.

வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் (1998, எண் 55) பற்றித் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்க இந்தியர் அந்தச் சட்டத்தின் ‘கறுப்பினத்தவர்’ என்ற வரையறைக்குள் வருகிறார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை கொண்டவர் வருவதில்லை, எந்த நிறமாக இருந்தாலும் தனியாகத்தான் எண்ணப்படுவார். துறையின் இலக்கு எந்தப் பிரிவில் குறைவாக இருக்கிறதோ அதற்கு முன்னுரிமை போகும். குறும்பட்டியலில் பெயர் வராததற்கு உங்கள் தகுதிக்கு வெளியிலும் காரணங்கள் இருக்கலாம் என்று தெரிந்தே விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பமும் நேர்காணலும்

முதல் வேலை பெரும்பாலும் பகுதிநேர அல்லது ஒப்பந்த வேலையாகத்தான் வரும். யாராவது ஓராண்டு ஆய்வு விடுப்பில் போனால் அந்த இடத்தை நிரப்பக் கூப்பிடுவார்கள். பகுதிநேரத்துக்கு மணிக்கணக்கில் ஊதியம். தாள் திருத்தும் நேரம் அதற்குள் அடக்கமா, தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 120 மாணவர் கொண்ட வகுப்பில் இது சின்ன விஷயமல்ல. ஓய்வூதிய நிதியும் மருத்துவ உதவியும் ஒப்பந்தத்தில் உண்டா என்றும் பாருங்கள்.

நிரந்தரப் பாதையில் இளையவர்களுக்கு இன்னொரு வழி, உயர்கல்வித் துறை 2015 இல் தொடங்கிய புதிய தலைமுறைக் கல்வியாளர் திட்டம். தொடக்க ஆண்டுகளில் சம்பளச் செலவை உயர்கல்வித் துறையே ஏற்கும், பாடச்சுமை குறைவு, வழிகாட்டி உண்டு, முனைவர் பட்டம் முடிக்க நேரமும் கிடைக்கும். இந்த இடங்கள் மிகச் சில. வந்தால் விடாதீர்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை: சான்றளிக்கப்பட்ட பிரதிகள் (சான்றளித்த தேதி பழையதானால் தள்ளிவிடுவார்கள், ஆறு மாதத்துக்குள் இருப்பது நல்லது), எக்சா பதிவுச் சான்று, வெளியீட்டுப் பட்டியல், கற்பித்தல் போர்ட்ஃபோலியோ. தொழிற்சாலையில் இருந்து வருபவரிடம் கடைசியானது இருக்காது என்று குழுவுக்கும் தெரியும். ஆனாலும் பணியாளருக்கு நடத்திய பயிற்சியின் கையேடு, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த தேர்வு மதிப்பெண், கலந்துகொண்டவர்களின் கருத்துப் படிவம் ஆகியவற்றைச் சேர்த்தால் அதுவே போர்ட்ஃபோலியோதான்.

நேர்காணலில் 10 அல்லது 15 நிமிட மாதிரிப் பாடம் கேட்பார்கள். இங்கேதான் அனுபவசாலிகள் தோற்கிறார்கள். தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று 30 ஸ்லைடோடு வருவார்கள். ஒரே ஒரு கருத்தை எடுங்கள், ஒரு கணக்கைப் பலகையில் போடுங்கள், மாணவர் எங்கே தவறுவார் என்று சொல்லுங்கள்.

நம் சமூகம் சிறியது. தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் கோயில் கமிட்டியில் இருக்கலாம், மாமா முறையிலும் இருக்கலாம். அப்படியிருந்தால் அதை அவரும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், நீங்களும் மனிதவளப் பிரிவுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டு வெளியே தெரிந்தால், தகுதியால் கிடைத்த நியமனமும் ரத்தாகலாம். நேர்காணலுக்கு முந்தைய வாரம் அவரைக் கூப்பிட்டுப் பேசாதீர்கள். நலம் விசாரிக்கக்கூட வேண்டாம்.

முதல் செமஸ்டர்

கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. முதலில் கிரெடிட் கணக்கு. 12 கிரெடிட் பாடம் என்றால் மாணவரின் மொத்த உழைப்பு 120 மணி நேரம். 13 வாரம், வாரம் 4 மணி நேர வகுப்பு என்றால் 52. மூன்று மணி நேர ஆய்வகம் நான்கு என்றால் 12. தேர்வுகளுக்கு 6. மிச்சம் 50 மணி நேரம். அதற்குள் வீட்டுப்பாடம், குழுத் திட்டம், படிப்பு எல்லாம் அடங்க வேண்டும். புதியவர்கள் ஆர்வத்தில் 60 மணி நேரம் பிடிக்கும் ஒரு திட்டத்தைக் கொடுத்துவிட்டு, மாணவர் சோம்பேறி என்று திட்டுவார்கள்.

தேர்வெழுத அனுமதிக்கு ஆண்டு மதிப்பெண் பெரும்பாலும் 40 சதவீதம் வேண்டும். அதனால் முதல் டெஸ்டை ஐந்தாவது வாரத்துக்குள் வையுங்கள். எட்டாவது வாரத்தில் வைத்தால் பின்தங்கியவர் எழுந்து நிற்க இடமிருக்காது. கேள்வித்தாளையும் விடைக்குறிப்பையும் (இங்கே எல்லாரும் ‘மெமோ’ என்பார்கள்) ஒன்றாகவே மாடரேட்டருக்கு (தாளைச் சரிபார்ப்பவர்) அனுப்ப வேண்டும். கடைசி ஆண்டுப் பாடங்களுக்கு மாடரேட்டர் வெளியிலிருந்து வருவார்.

மெமோ எழுதுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதை ஒர்க் ஸ்டடி ஆய்வகத்தோடு சேர்த்தே சொல்கிறோம், ஏனென்றால் புதியவருக்கு முதலில் கொடுக்கப்படும் பாடம் அநேகமாக அதுதான்.

ஆய்வகத்துக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மூன்று முனை பிளக்குகளை வாங்குங்கள். நான்கு பேர் ஒரு குழு: ஒருவர் பிளக்கைப் பூட்டுவார், ஒருவர் கடிகாரம், ஒருவர் பதிவு, ஒருவர் வேக மதிப்பீடு (இயல்பான வேகத்தை 100 என்று வைத்து, பூட்டுபவரின் வேகத்துக்குக் கொடுக்கும் எண்). ஒரு குழுவுக்கு ஐந்து பிளக், ஒரு திருப்புளி, ஒரு தட்டு. முதல் பத்துச் சுற்றுகளை அளக்க விடாதீர்கள். கை பழகிக்கொண்டிருக்கும்போது எடுத்த நேரம், வேலையின் நேரத்தையல்ல, பழகும் நேரத்தைத்தான் காட்டும். வேலையைக் கூறுகளாகப் பிரிக்கும்போது, கைதேர்ந்த பார்வையாளருக்கே ஒரு கூறு 0.04 நிமிடத்துக்குக் குறையக்கூடாது என்பது வழக்கம். மாணவருக்கு 0.1 நிமிடத்துக்குக் கீழே போகவே வேண்டாம்.

பெரிய பிழை கடிகாரத்தில் வரும். மாணவர் கைப்பேசியில் அளப்பார்கள். அது நிமிடம், நொடி என்று காட்டும். 1 நிமிடம் 30 நொடியை 1.30 நிமிடம் என்று எழுதிவிடுவார்கள், அது 1.50 என்று எழுத வேண்டியது. முழு அறிக்கையும் இதனால் பாழாகும். பதிவுத் தாளில் ‘நொடி’ என்று ஒரு நெடுவரிசை, ‘நொடி வகுத்தல் 60’ என்று அடுத்த நெடுவரிசை அச்சிட்டுக் கொடுத்தால் பிழை நின்றுவிடும்.

பிறகு எத்தனை சுற்று அளக்க வேண்டும் என்ற கணக்கு. பத்து முன்னோட்ட அளவீடுகளின் கூட்டுத்தொகை 8.0 நிமிடம், அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 6.5 என்று வையுங்கள். பத்தை 6.5 ஆல் பெருக்கினால் 65. அதிலிருந்து 8 இன் வர்க்கமான 64 ஐக் கழித்தால் 1, அதன் வர்க்கமூலம் 1. அதை 40 ஆல் (95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் பிழை என்பதற்கான மாறிலி) பெருக்கி 8 ஆல் வகுத்தால் 5, வர்க்கம் 25. ஆக 95 சதவீத நம்பிக்கையில், 5 சதவீதப் பிழைக்குள் நிற்க 25 சுற்று வேண்டும். பத்து எடுத்தாயிற்று, இன்னும் 15.

சராசரி 0.80 நிமிடம், வேக மதிப்பீடு 95, ஓய்வுச் சலுகை 12 சதவீதம் என்றால் 0.80 ஐ 0.95 ஆல் பெருக்கி 0.76, அதை 1.12 ஆல் பெருக்கி 0.851 நிமிடம். மணிக்குச் சுமார் 70 பிளக். சில மாணவர்கள் 0.95 ஐயும் 0.12 ஐயும் கூட்டி 1.07 ஆக்கி, அதால் 0.80 ஐப் பெருக்குவார்கள். விடை 0.856. சரியான விடைக்கு இவ்வளவு பக்கத்தில் வருவதால், இறுதி விடைக்கு மட்டும் மதிப்பெண் போடும் மெமோ இந்தத் தவறான முறைக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடும். அதனால் மெமோவில் படிக்குப் படி மதிப்பெண் பிரியுங்கள். இல்லையென்றால், வேக மதிப்பீட்டை 120 என்று வைத்துக் கேள்வி அமையுங்கள். இரண்டு முறைகளின் விடையும் 1.075, 1.056 என்று விலகி நிற்கும்.

எந்திரங்கள் உள்ள பட்டறையை மேற்பார்வையிடச் சொன்னால், 1993 ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டப்படி எழுத்தில் நியமனம் கேளுங்கள். எந்தப் பொறுப்புக்கு, எந்தப் பட்டறைக்கு என்று அதில் இருக்க வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் சாவியை வாங்காதீர்கள்.

மின்வெட்டு நேரத்தில் கணினிச் சிமுலேஷன் வகுப்பு விழுந்தால் மாற்றாக ஒரு தாள், பென்சில் பயிற்சி எப்போதும் பையில் இருக்கட்டும். லைன் பேலன்சிங் (லைனில் உள்ளவர்களுக்கு வேலையைச் சமமாகப் பிரிப்பது), லேஅவுட் வரைவது இரண்டும் அதற்கு ஏற்றவை.

வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். டர்பன் இருக்கும் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில், வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தாய்மொழி இசிசூலு (ஜூலு மொழி). மாணவரின் பெயரைச் சரியாக உச்சரிக்க முதல் வாரத்திலேயே பழகுங்கள். பேச்சளவு இசிசூலு கற்றுக்கொண்டவருக்கு ஆலோசனை நேரத்தில் மாணவர் வந்து பேசுவார். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் வேகமாகப் பேசும் பழக்கத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

விடுப்பு விஷயம்: தீபாவளி பொது விடுமுறை அல்ல. அது தேர்வு நெருக்கடியில்தான் வரும், ஆண்டு விடுப்பிலிருந்து எடுக்க வேண்டும். தைப்பூசக் காவடி மாணவர் பதிவு நடக்கும் ஜனவரி, பிப்ரவரியில் விழும். ஆண்டுத் தொடக்கத்திலேயே துறைத் தலைவரிடம் தேதியைச் சொல்லி, இன்விஜிலேஷன் (தேர்வு அறை மேற்பார்வை) பட்டியல் போடும் முன் மாற்றிக்கொள்ளுங்கள். புனித வெள்ளியன்று தீமிதி என்றால் கவலையில்லை, அது எல்லாருக்கும் விடுமுறை.

தொழிற்சாலைப் பயிற்சிக்கு மாணவரை அனுப்புவது

பாடத்திட்டத்தில் பணியோடு இணைந்த கற்றல் உண்டு. இடம் தேடுவது மாணவர் பொறுப்பு என்று தாளில் இருந்தாலும், நிறுவனங்களோடு உறவு வைத்திருக்கும் விரிவுரையாளரின் மாணவர்களுக்குத்தான் இடம் கிடைக்கிறது. உங்கள் பழைய தொழிற்சாலைத் தொடர்புகள் இங்கே கைகொடுக்கும்.

ஒரே பெரிய நிறுவனத்தை நம்பாதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் புரோஸ்பெக்டன் டொயோட்டா ஆலை மூழ்கி மாதக்கணக்கில் நின்றது. வாகனம், துணி, உணவு, துறைமுகச் சரக்குக் கிடங்கு என்று நான்கு துறைகளில் துறைக்கு இரண்டு நிறுவனமாவது பட்டியலில் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் மூன்றைப் பாருங்கள்: மாணவருக்குக் காயம் பட்டால் இழப்பீட்டுக் காப்பு யார் பெயரில், மேற்பார்வையாளர் யார், மாணவர் செய்யப்போகும் வேலை என்ன. மூன்றாவதை எழுதாமல் விட்டால் மாணவர் ஆறு மாதம் கோப்பு அடுக்கிவிட்டு வருவார். பதிவேட்டை மாதம் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். முடிவில் மொத்தமாக வாங்கினால் ஒரே பேனாவில் ஒரே நாளில் எழுதியதாக இருக்கும்.

எக்சா அங்கீகாரக் குழு வரும்போது கேட்பதும் இத்தகைய சான்றுகளைத்தான். பட்டதாரிப் பண்பு (பட்டம் பெறுபவரிடம் இருக்க வேண்டிய திறன்) ஒவ்வொன்றும் எந்தப் பாடத்தில், எந்தக் கேள்வியில் அளக்கப்பட்டது, தேறாதவர் எப்படி நிறுத்தப்பட்டார் என்று மாணவர் விடைத்தாளோடு காட்ட வேண்டும். மேல், நடு, கீழ் மதிப்பெண் விடைத்தாள்களை ஒவ்வொரு செமஸ்டரும் ஸ்கேன் செய்து வைப்பவருக்கு அந்த வாரம் சாதாரண வாரமாகப் போகும்.

ஆராய்ச்சியும் பதவி உயர்வும்

உயர்கல்வித் துறை வெளியீடுகளுக்குப் பல்கலைக்கழகத்துக்கு மானியம் தருகிறது. அங்கீகரிக்கப்பட்ட இதழில் ஒரு கட்டுரைக்கு 1 அலகு, மாநாட்டுக் கட்டுரைக்கு 0.5. ஆசிரியர்களுக்குள் அது பிரியும். நான்கு பேர் எழுதி மூவர் உங்கள் பல்கலைக்கழகம் என்றால் உங்கள் நிறுவனத்துக்கு 0.75. அந்தப் பணத்தில் உங்கள் ஆய்வுக் கணக்குக்கு எவ்வளவு வரும் என்பது உள்விதி.

இதில் இரண்டு பொறிகள். வேறு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் செய்துகொண்டே எழுதும் கட்டுரையில் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயரைப் போட மறந்தால் உங்கள் துறைக்கு ஒன்றும் வராது. இரண்டு பெயர் போடுவதா, எப்படிப் பிரிப்பது என்பதை அனுப்புவதற்கு முன்பே ஆய்வு வழிகாட்டியிடம் பேசி முடியுங்கள். இன்னொன்று, பணம் வாங்கிக்கொண்டு இரண்டு வாரத்தில் வெளியிடும் இதழ்கள். இதழ் அந்த ஆண்டுக்கான அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பல்கலைக்கழக ஆய்வு அலுவலகத்தில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். தொழிலகப் பொறியியல் கழகம் நடத்தும் தென்னாப்பிரிக்கத் தொழிலகப் பொறியியல் இதழ் பட்டியலில் உள்ளது, படிக்கக் கட்டணமும் இல்லை. முதல் கட்டுரைக்கு ஏற்ற இடம். அதற்கு முன் பழைய இதழ்களைப் படித்து, தொழிற்சாலை ஆய்வுகளை எந்த வடிவில் ஏற்கிறார்கள் என்று பாருங்கள்.

விரிவுரையாளர், முதுநிலை விரிவுரையாளர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று ஏணி போகும். காலியிடம் வராமலே தகுதியின் அடிப்படையில் கேட்கும் உயர்வை இங்கே ‘ஆட் ஹாமினம்’ என்பார்கள். முதுநிலைக்கு இப்போது பெரும்பாலும் முனைவர் பட்டம் வேண்டும். சேர்ந்த இரண்டாம் ஆண்டுக்குள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிடுங்கள். சொந்த நிறுவனத்தில் செய்தால் ஊழியருக்குக் கட்டணச் சலுகை கிடைக்கலாம், ஆனால் உங்கள் துறைத் தலைவரே வழிகாட்டியாக இருந்தால் பாடச்சுமைச் சண்டையும் ஆய்வுச் சண்டையும் ஒன்றாகிவிடும். கூடுமானால் வேறு துறையிலோ வேறு பல்கலைக்கழகத்திலோ ஆள் தேடுங்கள்.

பட்டம் கிடைத்த பிறகு 40 வயதுக்குள் இருப்பவர்கள் தேசிய ஆய்வு அறக்கட்டளை இளம் ஆய்வாளர்களுக்குத் தரும் ‘ஒய்’ தரமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். வயது கடந்தவர்கள் நிலைபெற்ற ஆய்வாளர்களுக்கான ‘சி’ யிலிருந்து தொடங்குவார்கள். தொழிற்சாலையில் இருந்து தாமதமாக வந்தவர்களுக்கு இது வழக்கமான வழிதான்.

கற்பித்தல் பக்கத்தில், உயர்கல்விக் கற்பித்தலுக்கான முதுநிலை டிப்ளோமா, 120 கிரெடிட், நன்றாக உதவும். உயர்வுக் குழு மாணவர் மதிப்பீட்டு எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. அந்த எண் குறைந்தபோது என்ன மாற்றினீர்கள், அடுத்த ஆண்டு தேர்ச்சி விகிதம் எப்படி நகர்ந்தது என்று கேட்கும். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் ஒரு பக்கத்தில் தேர்ச்சி விகிதம், மாற்றிய பகுதி, மாடரேட்டர் சொன்ன குறை, அதற்கு எடுத்த நடவடிக்கை ஆகியவற்றை எழுதி வையுங்கள். விண்ணப்பம் கூப்பிட்ட மாதத்தில் ஐந்தாண்டை நினைவிலிருந்து எழுத முடியாது, பழைய மதிப்பெண் பட்டியலைப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து எடுக்கவே சில வாரம் ஆகும்.